நடுக்கடலில் பறக்கும் விமானத்தை யார் பார்க்கிறார்கள்?

கடலுக்கு மேல் ஒரு விமானம் காணாமல் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கிளம்புகிறது: இந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய விமானம் எங்கே போனதென்று தெரியாமலா போகும்? 2009இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தபோதும், 2014இல் மலேசியாவின் எம்ஹெச்370 மறைந்தபோதும் இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். அப்புறம் 2019 வாக்கில் நேரெதிரான செய்திகள் வந்தன. இனி உலகத்தின் எந்த மூலையில் பறக்கும் விமானத்தையும் செயற்கைக்கோள்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறை கவனித்துக்கொண்டே இருக்கும், அதனால் கடல்வழிகளில் விமானங்கள் இன்னும் நெருக்கமாகப் பறக்கலாம் என்றார்கள்.

இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். தெரியவே தெரியாது என்பதும் உண்மை, எல்லாம் தெரிகிறது என்பதும் உண்மை என்றால் எதை எடுத்துக்கொள்வது? சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், இந்தத் தொழிலில் பயன்படும் எந்தச் செயற்கைக்கோளும் விமானத்தைக் கண்ணால் பார்ப்பதுபோலப் பார்ப்பதில்லை. விமானம் தன்னைப் பற்றிச் சொல்வதை வாங்கிக் கீழே அனுப்புகிறது, அவ்வளவுதான். எதை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, யார் கேட்டால் சொல்கிறது என்பதில்தான் முப்பது ஆண்டு வரலாறும் அடங்கியிருக்கிறது.

ரேடார் எதுவரை

நிலத்தின் மேல் பறக்கும் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் திரையில் பார்க்கிறார். அதற்கு ரேடார் உதவுகிறது. தரையிலிருந்து போகும் அலை விமானத்தில் மோதித் திரும்புவது ஒரு வகை. விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியிடம் "நீ யார், எந்த உயரத்தில் இருக்கிறாய்" என்று கேட்டுப் பதில் வாங்குவது இன்னொரு வகை. இரண்டிலும் அலை நேர்கோட்டில்தான் போகும். பூமி வளைகிறது, அலை வளைவதில்லை. அதனால் 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானமே ஏறக்குறைய 400 கிமீ தாண்டியதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். விமானிகள் பேசும் விஹெச்எஃப் ரேடியோவுக்கும் இதே கதி.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,300 கிமீக்கு மேல் கடல். இரண்டு கரையிலும் ரேடார் இருந்தாலும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் மிஞ்சுகிறது. அயர்லாந்துக்கும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே சுமார் 3,000 கிமீ. உலகத்திலேயே மிக நெரிசலான கடல் வான்வழி அதுதான். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் அந்த வெற்றிடத்தைக் கடக்கின்றன. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அந்த வட அட்லாண்டிக்கையே எடுத்துக்கொள்கிறோம். புதிய முறைகள் பலவும் அங்கேதான் முதலில் சோதிக்கப்பட்டன.

பார்க்காமலே கட்டுப்படுத்திய காலம்

வட அட்லாண்டிக்கின் கிழக்குப் பாதியை ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் இருக்கும் ஷான்விக் மையமும், மேற்குப் பாதியை நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டர் மையமும் பார்த்துக்கொள்கின்றன. கரையை விட்டுத் தள்ளிப் போன விமானத்திடம் அன்று இருந்த ஒரே தொடர்பு ஹெச்எஃப் ரேடியோ. அந்த அலை மேல் வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிமீ போகும். ஆனால் இரைச்சலும் மங்கலும் உண்டு, சூரியனில் கொந்தளிப்பு வந்தால் மொத்தமாகவே அடங்கிவிடும்.

விமானி குறிப்பிட்ட ஓர் இடத்தைக் கடக்கும்போது ஹெச்எஃபில் இப்படிச் சொல்வார்: "50 வடக்கு 30 மேற்கு, 14:10 மணி, 35,000 அடி. அடுத்தது 50 வடக்கு 40 மேற்கு, 14:52க்கு எதிர்பார்ப்பு. அதற்கடுத்தது 49 வடக்கு 50 மேற்கு." இதைக் கேட்பவர் கட்டுப்பாட்டாளர் இல்லை. ஷான்விக்கைப் பொறுத்தவரை கட்டுப்பாட்டாளர் ஸ்காட்லாந்தில் இருக்கிறார், ரேடியோ நிலையம் அயர்லாந்தின் பாலிகிரீனில் இருக்கிறது. அங்கே ஒரு ரேடியோ ஆபரேட்டர் கேட்டு, திரும்பச் சொல்லிச் சரிபார்த்து, தட்டச்சு செய்து அனுப்புவார். பதிலும் அதே சுற்றில்தான் வரவேண்டும். விமானி உயரம் மாற்றக் கேட்டால் பதில் வரச் சில நிமிடங்கள் ஆகும். நாள் சரியில்லை என்றால் இன்னும் அதிகம்.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்தத் தகவலை வைத்துக்கொண்டு இரண்டு விமானங்கள் மோதாமல் பார்ப்பதற்கு ஒரே வழி, நடுவே தாராளமாக இடம் விடுவதுதான். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கு 10 நிமிட இடைவெளி. மணிக்கு 900 கிமீ வேகத்தில் அது 150 கிமீ. பக்கவாட்டில் ஒரு பாகை அட்சம், அதாவது 60 கடல் மைல், ஏறக்குறைய 111 கிமீ. (ஒரு கடல் மைல் 1.85 கிமீ.)

இவ்வளவு இடைவெளி ஏன் என்று பார்த்தால் மூன்று ஐயங்கள் தெரியும்:

1. விமானம் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது? கடைசியாகச் சொன்ன இடம் பழையதாகிக்கொண்டே போகிறது.

2. அடுத்து எங்கே போகப்போகிறது? காக்பிட்டில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டால் விமானம் அடுத்த பாதைக்கு நகர்ந்துவிடும். யாருக்கும் தெரியாது.

3. தவறு தெரிந்தாலும் விமானியிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த மூன்றில் எது மோசமோ அதுதான் இடைவெளியைத் தீர்மானிக்கும். மற்ற இரண்டை எவ்வளவு மெருகேற்றினாலும் பயன் குறைவு. செயற்கைக்கோள் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் முதல் ஐயத்தைத் தீர்த்ததை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று விதமான செயற்கைக்கோள்கள்

விமானத்துக்குத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ள உதவுபவை ஜிபிஎஸ் போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள். அவை ஒருவழிப்பாதை. விமானம் அவற்றின் குறியீடுகளைக் கேட்டு இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. விமானம் எங்கே இருக்கிறதென்று ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவின் ககனும் இந்த வகைதான், ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் கூட்டுவது அதன் வேலை.

அடுத்தவை தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள். இன்மார்சாட் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிமீ உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். துருவங்களை அதனால் எட்ட முடியாது. இரிடியம் 780 கிமீ உயரத்தில் 66 செயற்கைக்கோள்களாகத் துருவத்திலிருந்து துருவம் சுற்றுகிறது. ஒவ்வொன்றும் தலைக்கு மேலே பத்து நிமிடம்போல இருந்துவிட்டு அடுத்ததிடம் வேலையை ஒப்படைத்துப் போகும். அவை தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வதால் நடுக்கடலில் தரைநிலையம் தேவையில்லை.

மூன்றாவது வகை கண்காணிப்பு. இது புதியது. இதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய கட்டத்தைப் பார்க்கவேண்டும்.

1995: காக்பிட்டுக்கு வந்த எழுத்துச் செய்தி

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 1983இலேயே இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அந்த யோசனைகள் விமானத்தில் ஏறியது 1995இல், தென் பசிபிக்கில் பறந்த போயிங் 747-400களில். இரண்டு வசதிகள் வந்தன.

முதலாவது சிபிடிஎல்சி. கட்டுப்பாட்டாளரும் விமானியும் எழுத்தில் பேசிக்கொள்ளும் முறை. சொந்த வாக்கியங்களுக்கு இதில் பெரிதாக இடமில்லை. பெரும்பாலானவை முன்பே வரையறுத்த செய்திகள். விமானி 36,000 அடிக்கு ஏற அனுமதி கேட்டுப் பொத்தானை அழுத்துவார். கட்டுப்பாட்டாளர் "36,000 அடிக்கு ஏறி அங்கேயே இரு" என்ற செய்தியை அனுப்புவார். விமானியின் பதில் "வில்கோ", அதாவது அப்படியே செய்கிறேன். முடியாதென்றால் "அனேபிள்". கொஞ்சம் பொறு என்றால் "ஸ்டேண்ட்பை". ஹெச்எஃப் இரைச்சலில் எண்ணைத் தவறாகக் கேட்கும் ஆபத்து இதில் இல்லை. நடுவில் ஆபரேட்டரும் இல்லை.

இரண்டாவது ஏடிஎஸ்-சி. இதில் தரை மையம் விமானத்தின் கணினியோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது: இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உன் இடத்தைச் சொல், உயரம் மாறினாலோ பாதையிலிருந்து விலகினாலோ உடனே சொல். விமானி கைவைக்காமலே கணினி அனுப்பிவிடும். கூடவே அடுத்த இரண்டு இடங்களையும் சொல்லும். மேலே சொன்ன இரண்டாவது ஐயத்துக்கு இதுதான் மருந்து. காக்பிட்டில் யாரோ தவறான எண்ணைத் தட்டியிருந்தால், விமானம் அங்கே திரும்புவதற்கு முன்பே தரைக் கணினி ஒப்பிட்டுப் பார்த்துக் கூச்சல் போட்டுவிடும்.

ஆனாலும் 10 அல்லது 14 நிமிடத்துக்கு ஒருமுறைதான் இடம் தெரிகிறது. 14 நிமிடத்தில் விமானம் 200 கிமீ தாண்டிவிடும். அடிக்கடி கேட்கலாமே என்றால், ஒவ்வொரு செய்திக்கும் செயற்கைக்கோள் நிறுவனத்துக்குக் காசு.

2019: விண்ணில் வைத்த காது

இதற்கிடையே நிலத்தின் மேல் ஏடிஎஸ்-பி என்ற இன்னொரு முறை பரவியிருந்தது. பெயரில் ஓர் எழுத்துதான் வேறு, தன்மை முற்றிலும் வேறு. ஏடிஎஸ்-சியில் கேட்டவருக்கு மட்டும் பதில். ஏடிஎஸ்-பியில் யாரும் கேட்கவேண்டியதில்லை. தெருவில் கோலமாவு விற்பவர் கூவிக்கொண்டே போவதுபோல, விமானம் தன் அடையாளம், இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூவிக்கொண்டே போகிறது. இடமும் வேகமும் நொடிக்கு இருமுறை. காது இருப்பவர் யாரும் கேட்கலாம். கைபேசியில் விமானங்களைக் காட்டும் செயலிகள் நடப்பது இந்தக் கூவலை வைத்துத்தான்.

கடலில் காது வைக்க இடமில்லை. அப்படியானால் விண்வெளியில் வைத்தால் என்ன? விமானத்தின் கூவல் மேலே போகுமா என்பதே முதலில் ஐயமாக இருந்தது. தரையை நோக்கி அனுப்ப வடிவமைத்த, நூறு இருநூறு வாட் அளவிலான அலை அது. ஆனால் விமானங்கள் ஒன்றையொன்று மோதாமல் எச்சரிக்கும் கருவிக்காகப் பெரிய விமானங்களின் முதுகிலும் ஓர் ஆன்டெனா இருக்கிறது. அது இந்த வேலைக்கும் கைகொடுத்தது. 2013இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ப்ரோபா-வி என்ற சிறு செயற்கைக்கோள் விண்ணிலிருந்தே இந்தக் குறியீடுகளைப் பிடித்துக் காட்டியது. வயிற்றில் மட்டும் ஆன்டெனா உள்ள சிறிய விமானங்கள் மேலிருந்து கேட்பதற்கு இன்றும் கடினம்.

இதை வியாபாரமாக்கியது ஏரியான் என்ற நிறுவனம். இரிடியமும் கனடாவின் வான்போக்குவரத்து அமைப்பான நாவ் கனடாவும் சேர்ந்து தொடங்கியது. பின்னால் அயர்லாந்து, இத்தாலி, டென்மார்க், பிரிட்டன் நாடுகளின் வான்போக்குவரத்து அமைப்புகளும் பங்கு வாங்கின. இரிடியம் தன் பழைய செயற்கைக்கோள்களை மாற்றப் புதியவற்றை அனுப்பும்போது, ஒவ்வொன்றிலும் ஏரியானின் ஏற்பிக் கருவியும் ஒட்டிக்கொண்டு போனது. தனியாக ராக்கெட் வாங்கவேண்டிய செலவே இல்லை. 2017 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை எட்டு ஏவுதல்களில் 75 செயற்கைக்கோள்கள் போயின. 66 வேலைக்கு, மீதி கையிருப்பு. இந்தத் திட்டத்தில் மிகவும் புத்திசாலித்தனமான முடிவு இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. தொழில்நுட்பத்தைவிட இந்த ஓசிப் பயணம்தான் கணக்கை நேர்செய்தது.

2019 ஏப்ரல் 2 முதல் கேண்டரும் ஷான்விக்கும் இதைக் கொண்டு இடைவெளியைக் குறைக்கத் தொடங்கின. விமானத்தின் இடம் எட்டு விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்குள் விமானம் நகர்வது 2 கிமீ மட்டுமே. முன்னும் பின்னுமான இடைவெளி அதற்கு முன்பே 40 கடல் மைல்வரை குறைந்திருந்தது. இப்போது தகுந்த கருவிகள் உள்ள விமானங்களுக்கு அது 14 முதல் 17 கடல் மைல். பக்கவாட்டிலும் முன்பே 23 ஆகக் குறைந்திருந்தது, இப்போது 19.

தற்செயலாக இதன் முதல் பெரிய சோதனை நிலத்தின் மேல் நடந்தது. 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பிய எத்தியோப்பியன் 302 விழுந்து 157 பேர் இறந்தார்கள். அந்த விமானம் ஏறி இறங்கிய விதம் ஏரியானின் பதிவில் இருந்தது. முந்தைய அக்டோபரில் இந்தோனேசியாவில் விழுந்த லயன் ஏர் விமானத்தோடு அது ஒத்துப்போனது. மூன்று நாளில் கனடாவும் அமெரிக்காவும் 737 மேக்ஸ் விமானங்களை நிறுத்தியதற்கு இந்தச் செயற்கைக்கோள் பதிவு முக்கியக் காரணம்.

எட்டு விநாடி தெரிந்தும் ஏன் 14 மைல்?

நிலத்தின் மேல் ரேடார் திரையில் பார்த்துக் கட்டுப்படுத்தும்போது இடைவெளி 5 கடல் மைல் போதும். விமான நிலையத்தின் அருகே 3 கூடப் போதும். கடலின் மேல் ஏறக்குறைய அதே தரத்தில் இடம் தெரிகிறது. அப்படியிருக்க 14 ஏன்?

முதல் ஐயம் தீர்ந்துவிட்டது, மூன்றாவது தீரவில்லை என்பதுதான் விடை. நிலத்தின் மேல் கட்டுப்பாட்டாளர் மைக்கை அழுத்தி "உடனே இடப்பக்கம் திரும்பு" என்றால் விமானி இரண்டு விநாடியில் பதில் சொல்லித் திருப்பத் தொடங்கிவிடுவார். கடலின் மேல் அவரிடம் இருப்பது சிபிடிஎல்சி. செய்தி தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போய், விமானத்துக்கு இறங்கி, காக்பிட்டில் மணி அடித்து, இரண்டு விமானிகளும் படித்து, பதில் அழுத்தவேண்டும். இதற்கென வகுத்த தரமே 240 விநாடி, அதாவது 4 நிமிடம். பெரும்பாலான பதில்கள் அதற்கு முன்பே வந்துவிடும். ஆனால் பாதுகாப்புக் கணக்கு நல்ல நாளை வைத்துப் போடுவதில்லை.

ஆக 5 மைலுக்கும் 14 மைலுக்கும் நடுவே உள்ள 9 மைலும் பேச்சு தாமதமாவதற்குக் கொடுக்கும் விலை. திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவது தெளிவாகத் தெரிந்தும், சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை கட்டுப்பாட்டாளருக்கு.

அதேபோல ஏடிஎஸ்-பி வந்ததால் பழைய ஏடிஎஸ்-சி ஓய்வு பெற்றுவிடவில்லை. கூவலில் இப்போதைய இடமும் வேகமும் இருக்கும், அடுத்து எங்கே போகப்போகிறேன் என்பது கடல்வழிக்குத் தேவையான அளவில் இருக்காது. இரண்டாவது ஐயத்துக்கு அந்தப் பழைய ஒப்பந்த முறைதான் இன்னும் பதில் சொல்கிறது. 14 மைல் சலுகை வேண்டுமென்றால் ஏடிஎஸ்-பி, ஏடிஎஸ்-சி, சிபிடிஎல்சி மூன்றும் விமானத்தில் வேலை செய்யவேண்டும் என்ற விதியும் அதனால்தான்.

பேச்சுத் தடையை உடைக்கவும் முயற்சி நடக்கிறது. சாதாரண விஹெச்எஃப் ரேடியோவையே தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளில் வைத்துவிட்டால், விமானத்தில் புதிதாக எதையும் மாற்றாமல் நடுக்கடலிலும் நேரடியாகப் பேசலாம். ஸ்பெயினின் ஸ்டார்டிகல் நிறுவனம் இதற்கான முதல் சோதனைச் செயற்கைக்கோளை 2025 தொடக்கத்தில் அனுப்பியது. அது கைகூடினால்தான் கடலின் மேலும் 5 மைல் என்ற பேச்சுக்கு அர்த்தம் வரும்.

இடைவெளி குறைந்தால் யாருக்கு என்ன?

வானத்தில் இன்னும் நிறைய விமானங்களை அடைப்பதற்கு என்று தோன்றலாம். நடைமுறையில் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நீண்டதூர விமானம் எரிபொருள் தீரத் தீர எடை குறைந்து, மேலே ஏற விரும்பும். மேலே காற்று மெல்லியது, எரிபொருள் மிச்சம். ஆனால் 2,000 அடி மேலே ஏற, நடுவில் இருக்கும் உயரத்தைக் கடக்கவேண்டும். அங்கே 74 கிமீக்குள் யாராவது இருந்தால் அனுமதி கிடைக்காது. இடைவெளி 26 கிமீ ஆனதும் அந்த ஓட்டைகள் திறந்தன. விமானி கேட்ட உயரத்தை "முடியாது" என்று மறுக்கவேண்டிய தருணங்கள் குறைந்தன.

வேகமும் அப்படித்தான். முன்பு கடலுக்குள் நுழையும்போது ஒரு வேகம் கொடுப்பார்கள், மறுகரை வரை அதையே பிடித்துக்கொண்டு போகவேண்டும். இப்போது காற்றுக்கு ஏற்றபடி வேகத்தை மாற்றிக்கொள்ள விடுகிறார்கள். தினமும் இருமுறை ஜெட் காற்றோட்டத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த இணைபாதைகளும் தளர்ந்துவிட்டன. கோவிட் காலத்தில் போக்குவரத்து சுருங்கியபோது, 2021 மார்ச்சில், பாதைகளே வரையாத ஒரு நாளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2022 மார்ச் முதல் 33,000 அடியிலும் அதற்குக் கீழேயும் அந்தப் பாதைகள் இல்லை. விமானம் தனக்கு ஏற்ற பாதையைத் தானே கேட்டு வாங்குகிறது.

இதெல்லாம் இலவசம் இல்லை. பிரிட்டனின் வான்போக்குவரத்து அமைப்பான நாட்ஸ் தன் கடல் கட்டணத்தில் இந்தத் தகவலின் விலையையும் சேர்த்தபோது விமான நிறுவனங்கள் முணுமுணுத்தன. அமெரிக்காவும் தன் பெரிய கடற்பகுதிகளுக்கு இதை உடனே வாங்கிவிடவில்லை, செலவுக்கு ஏற்ற பயன் உண்டா என்று கணக்குப் பார்த்தது. பசிபிக்கில் விமானங்கள் சிதறிப் பறக்கின்றன. நெரிசலே இல்லாத இடத்தில் இடைவெளியைக் குறைத்து என்ன செய்வது? அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

வங்காள விரிகுடாவில்

சென்னை மையத்தின் பொறுப்பில் தமிழகமும் தென்னிந்தியாவின் பெரும்பகுதியும் மட்டுமல்ல, வங்காள விரிகுடாவின் பெரும்பரப்பும் அடங்கும். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து வளைகுடா, ஐரோப்பா போகும் விமானங்கள் இரவில் வரிசைகட்டிக் கடப்பது இந்த வானத்தைத்தான். அரபிக் கடலின் பெரும்பகுதி மும்பையிடம் இருக்கிறது. கொழும்பின் பகுதி தெற்கே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பகுதியைத் தொடும்வரை நீள்கிறது. அதில் நிலம் என்று பார்த்தால் இலங்கைத் தீவு மட்டும்தான், மீதி கடல்.

சென்னையில் நடுக்கடல் விமானங்களுக்கு ஏடிஎஸ்-சியும் சிபிடிஎல்சியும் நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ளன, பின்னணியில் ஹெச்எஃபும் இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையம் கடற்பகுதிகளுக்காக ஏரியானோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் வட அட்லாண்டிக்கில் இல்லாதது. அங்கே கேண்டரும் ஷான்விக்கும் ஒரே தரத்தில் ஒரே நாளில் மாறின. இங்கே ஒரே விமானம் சில மணி நேரத்தில் நான்கைந்து நாடுகளின் வானத்தைக் கடக்கிறது. ஒரு மையம் 20 மைலில் அனுப்பி, அடுத்த மையம் 50 மைல் கேட்டால், எல்லையில் யாரையாவது தாமதப்படுத்தித்தான் ஆகவேண்டும். சங்கிலியில் மிகவும் பின்தங்கிய மையத்தின் இடைவெளிதான் முழுப் பாதைக்கும் இடைவெளியாகிவிடும்.

அப்படியென்றால் விமானம் இனி தொலையாதா?

ஏர் பிரான்ஸ் 447 விழுந்த இரவைப் பார்ப்போம். பிரேசில் வானத்திலிருந்து செனகலின் டக்கார் பகுதிக்குப் போகும் வழியில், விமானிகள் டக்காரோடு ஏடிஎஸ்-சி இணைப்புக்கு மூன்று முறை முயன்றார்கள். மூன்றும் தோற்றன. டக்கார் கணினியில் அந்த விமானத்தின் பயணத்திட்டம் பதிவாகியிருக்கவில்லை, அதனால் தெரியாத விமானம் என்று ஏற்க மறுத்துவிட்டது. செயற்கைக்கோள் நன்றாகத்தான் இருந்தது. நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவுக்குக் கடைசி நான்கு நிமிடங்களில் 24 தானியங்கிச் செய்திகள் அதே வழியில்தான் போய்ச் சேர்ந்தன. உலக நேரம் 2:14க்கு விமானம் கடலில் விழுந்தது. முறையான அவசர எச்சரிக்கை கிளம்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 228 பேரோடு போன விமானத்தின் உடைந்த பாகங்கள் 3,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது 2011 ஏப்ரலில்.

எம்ஹெச்370 வேறு கதை. 2014 மார்ச் 8 அன்று, மலேசிய நேரம் அதிகாலை 1:21க்கு டிரான்ஸ்பாண்டர் அடங்கியது. ஏடிஎஸ்-பி கூவல் டிரான்ஸ்பாண்டர் வழியாகத்தான் போகிறது. அன்றைக்கே 66 செயற்கைக்கோள்களும் மேலே இருந்திருந்தாலும் 1:21க்குப் பிறகு அவை எதையும் கேட்டிருக்காது. தேடலுக்கு உதவியது, இன்மார்சாட்டின் செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையே மணிக்கொருமுறை தானாக நடந்த "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்ற கைகுலுக்கல்தான். அதில் இடம் என்ற தகவலே இல்லை. குறியீடு போய்வர ஆன நேரத்தையும் அலைவரிசை மாற்றத்தையும் வைத்து, இந்தியப் பெருங்கடலில் ஒரு நீண்ட வளைகோட்டை வரைந்தார்கள். 1,20,000 சதுர கிமீ கடல்தரையைத் தேடி 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள்.

மூன்றாவது ஆபத்து இப்போது வளர்ந்துவருகிறது. விமானம் கூவும் இடம் அதன் ஜிபிஎஸ் சொன்ன இடம். போர்ப்பகுதிகளில் ஜிபிஎஸ் குறியீட்டை மறைப்பதும், பொய்யான குறியீட்டை அனுப்புவதும் சாதாரணமாகிவிட்டன. கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம் ஏமாற்றப்பட்ட விமானத்தின் கருவிகள் சில சமயம் பல மணி நேரத்துக்குப் பிறகும் தேறாமல், அப்படியே வட அட்லாண்டிக்குக்குள் நுழைகின்றன. ஜிபிஎஸ் கெட்டால் ரேடாரில் வேறு வழியில் இடம் தெரியும். நடுக்கடலில் வழிகாட்டலும் கண்காணிப்பும் ஒரே ஜிபிஎஸ்ஸை நம்பியிருப்பதால் இரண்டும் சேர்ந்து கெடும். அப்படிப்பட்ட விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் பழைய பெரிய இடைவெளிக்கே திரும்புகிறார், அதற்கான உயரம் கிடைக்காவிட்டால் கீழே இறக்குகிறார்.

எம்ஹெச்370க்குப் பிறகு ஐகாவோ இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது, செய்திகளில் இவற்றை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்:

1. கடலின் மேல் பறக்கும் பெரிய விமானங்களின் இடத்தை அந்தந்த விமான நிறுவனம் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை தெரிந்துவைத்திருக்கவேண்டும். 2018 நவம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பொறுப்பு நிறுவனத்துடையது, கட்டுப்பாட்டு மையத்துடையது இல்லை.

2. ஆபத்தில் சிக்கிய விமானம் தானாகவே நிமிடத்துக்கு ஒருமுறையாவது தன் இடத்தை அனுப்பவேண்டும், விழுந்த இடத்தை 6 கடல் மைலுக்குள் சொல்ல முடியவேண்டும். விமானத்தின் மின்சாரம் போனாலும், உள்ளிருந்து யாரும் அணைக்கப் பார்த்தாலும் இது நிற்கக்கூடாது. பல முறை தள்ளிப்போட்டு 2025இல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது விதி 27 டன்னுக்கு மேற்பட்ட, 2024 தொடக்கத்துக்குப் பிறகு தயாரான விமானங்களுக்கு மட்டும். விமானத்தின் ஆயுள் இருபது முப்பது ஆண்டு. இன்று கடல் கடக்கும் விமானங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே தயாரானவை. அவற்றில் டிரான்ஸ்பாண்டரை அணைக்கும் சுவிட்ச் காக்பிட்டிலேயே இருக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் விமானி அந்த இணைப்பைத் துண்டிக்க முடியவேண்டும் என்பதற்காக அதை எடுக்கவும் முடியாது.